பெரிய சட்டையைப் பிடிக்கும் முன் தோளைப் பாருங்கள்

தொளதொளவென்று இருக்கும் சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்து "ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க" என்று சொல்வதுதான் நம்மில் பலருக்கும் பழக்கம். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி மருந்து கேட்பது மாதிரிதான் இது. எங்கே என்று தெரிந்தால்தானே எதையாவது செய்ய முடியும்? தோள் அகலமாக இருக்கலாம். மார்பில் சரியாக இருந்து வயிற்றுப் பக்கம் மட்டும் உப்பி நிற்கலாம். கை நீளமாக இருக்கலாம், அகலமாக இருக்கலாம், அக்குள் வளைவு கீழே இறங்கியிருக்கலாம், இதில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். மிச்சத் துணி எந்த இடத்தில் கிடக்கிறதோ அந்த இடத்தில் எடுத்தால்தான் உடை உடம்பில் உட்காரும். வேறு இடத்தில் எடுத்தால் டேப்பில் அளவு குறைந்திருக்கும், போட்டுப் பார்த்தால் இன்னும் இரவல் சட்டையாகத்தான் தெரியும்.

எனக்கு மூத்தவன் அண்ணன். அவனுக்குச் சிறிதாகிப்போன சட்டைகள் எல்லாம் எனக்கு வரும். அவன் தோள் அகலமானவன், நான் ஒல்லி. அம்மா அவற்றைப் பிடித்துத் தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் நான் தைக்கவே பழகினேன். அம்மா எடுத்தவுடன் பக்கத் தையலைத் தொடவே மாட்டார். சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லி, தோள் எலும்பு முடிகிற இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். கைத் தையல் அந்த எலும்பிலிருந்து எவ்வளவு இறங்கிக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான், "இது ஆகும்", "இது உனக்கு வேண்டாம், வீட்டில் போட்டுக்கோ" என்று பிரித்து வைப்பார். இன்று வரை நானும் அந்த வரிசையை மாற்றவில்லை. மாற்ற வேண்டிய காரணமும் எதுவும் கிடைக்கவில்லை.

ஏன் தோள்? சட்டை முழுவதும் தொங்குவது அங்கிருந்துதான். தோளில் ஒரு இன்ச் இறங்கினால் கையும் ஒரு இன்ச் நீண்டுவிடும், அக்குள் வளைவு வெளியே தள்ளிப்போகும், முதுகின் இரண்டு ஓரத்திலும் நெட்டுக்குத்தாக மடிப்பு விழும். நாம் பார்த்துவிட்டு "கை நீளம்", "முதுகு லூஸ்" என்று தனித்தனியாகக் குறை சொல்வோம், எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒரு இன்ச்தான். இதைச் சரிசெய்வது சாமானிய வேலை இல்லை. கையை முழுவதும் பிரித்து எடுக்க வேண்டும், உடல் பகுதியில் அக்குள் வளைவைப் புதிதாக வரைந்து வெட்ட வேண்டும், அப்புறம் கையின் மேல் வளைவு அதற்குப் பொருந்துகிறதா என்று அளந்து, பொருந்தவில்லை என்றால் அதையும் திருத்தி, மறுபடி வைத்துத் தைக்க வேண்டும். இந்த இரண்டு வளைவையும் அளக்கும்போது டேப்பைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, தையல் போகும் கோட்டின் மேலேயே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். படுக்கவைத்தால் டேப் வளையாது, அளவு தப்பும். கையின் வளைவு உடலின் வளைவைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, நெருக்கமாகப் பின் குத்தி அதை உள்ளே அடக்கிவிடலாம். குறைவாக இருந்தால் வழியே இல்லை.

அதனால் என் கணக்கு இது. தோள் தையல் எலும்பைத் தாண்டி அரை இன்ச் வரை இறங்கியிருந்தால் அதை விட்டுவிடுவேன், கண்ணுக்குத் தெரியாது. ஒரு இன்ச் என்றால் சட்டை எவ்வளவு பிடித்தமானது என்பதைப் பொறுத்துக் கையைப் பிரிப்பேன். அதற்கும் மேலே என்றால் அந்தச் சட்டையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவது நல்லது. தோள் இறங்கியே இருக்கும்படி வடிவமைத்த சட்டைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அவற்றில் பக்கத்தையும் பிடிக்காதீர்கள், அதன் அழகே போய்விடும்.

இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. ரெடிமேட் சட்டைகளில் ஒரு சைஸிலிருந்து அடுத்த சைஸுக்குப் போகும்போது மார்புச் சுற்றளவு கூடுகிற அளவுக்குத் தோள் அகலம் கூடுவதில்லை. மார்பு 2 இன்ச்சிலிருந்து 4 இன்ச் வரை கூடினால் தோள் அரை இன்ச்சிலிருந்து ஒரு இன்ச்தான் கூடும். ஆகவே ஒரு சைஸ் பெரிய சட்டையைப் பெரும்பாலும் பக்கத்திலேயே சரிசெய்துவிடலாம். இரண்டு சைஸ் என்றால் யோசிக்க வேண்டும். மூன்று சைஸ் என்றால் அது ஆல்ட்ரேஷனே இல்லை, சட்டையை முழுவதும் பிரித்துத் துணியாக்கிப் புதிதாக வெட்டித் தைப்பதுதான்.

சைஸ் எண்களை நம்பி மனம் வருந்துகிறவர்களுக்காக ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். 1939, 1940-ல் அமெரிக்காவின் வேளாண் துறை சுமார் 15,000 பெண்களை உடம்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அளந்து பார்த்தது, 1941-ல் அதை அறிக்கையாக வெளியிட்டது. அந்த அளவுகளை அடிப்படையாக வைத்து 1958-ல் பெண்கள் உடைக்கு ஒரு பொது சைஸ் தரம் வந்தது. நிறுவனங்கள் அதைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடைசியில் 1983-ல் அந்தத் தரத்தையே விலக்கிக்கொண்டார்கள். அத்தனை பேரை அளந்தும் ஓர் எண்ணுக்குள் உடம்புகளை அடக்க முடியவில்லை. இன்று ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கில் ஒரு "மீடியம்" வைத்திருக்கிறது. அது உங்களுக்குப் பெரிதாக இருப்பதில் உங்கள் உடம்பின் தவறு எதுவும் இல்லை. ஒரே மார்பளவுள்ள இருவரின் தோளும் முதுகும் இடுப்பும் ஒரே மாதிரி இருக்கவே இருக்காது.

சரி, தோள் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து மடிப்புகளைப் படிக்க வேண்டும். கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டு இயல்பாக நில்லுங்கள், நிமிர்ந்து விறைப்பாக வேண்டாம். தளர்வான மடிப்பு மேலிருந்து கீழாக விழுந்தால் அங்கே அகலம் மிச்சம். குறுக்காக விழுந்தால் நீளம் மிச்சம். காலருக்குக் கீழே முதுகில் குறுக்காக ஒரு சுருட்டு நிற்கிறதே, அது பலருக்கும் இருக்கும், அதைப் பக்கத்தில் எவ்வளவு பிடித்தாலும் போகாது, ஏனென்றால் அது நீளத்தில் இருக்கும் மிச்சம். துணி தளர்ந்து விழாமல் விறைப்பாக ஓர் இடத்தை நோக்கி இழுத்துக்கொண்டு கோடு போட்டால், அந்த இடம் பெரிதே இல்லை, ஏற்கெனவே டைட். பெரிய சட்டை என்று நினைத்துப் போடுகிறவருக்கும் இடுப்பெலும்புக்கு மேலே இப்படி இழுப்பதுண்டு. அங்கே தொடக் கூடாது.

பின் குத்துவதற்கு இன்னொருவர் வேண்டும். தானே குனிந்து, திரும்பிக் குத்திக்கொண்டால் உடம்பு திரும்பிய நிலையில் அளவு பதியும். சிலர் உடையை உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டு பின் குத்துவார்கள், அடையாளம் வைக்க அது சுலபம்தான், ஆனால் அப்போது இடது வலது மாறிவிடுகிறது. அநேகம் பேருக்கு ஒரு தோள் மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும், இடுப்பும் அப்படித்தான். ஆகவே நான் நேராகவே போடச் சொல்லி, வெளியிலிருந்து பின் குத்தி, அப்புறம் உள்ளே திருப்பிச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வேன். வேலை கூடுதல், ஆனால் இடது பக்கம் இடதுக்கே போய்ச் சேரும்.

எவ்வளவு எடுப்பது என்பதில் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். கண்ணாடி முன் நிற்கும்போது ஒட்டினாற்போல் இருந்தால் அழகாகத்தான் தெரியும். ஆனால் நாம் நாள் முழுவதும் நின்றுகொண்டா இருக்கிறோம்? நீட்சி இல்லாத நெசவுத் துணியில் தைத்த சட்டைக்கு மார்பைச் சுற்றி உடம்பளவைவிட 4 இன்ச்சாவது கூட இருக்கட்டும் என்பேன். 3-க்குக் கீழே போனால் கையை முன்னால் நீட்டும்போது முதுகு பிடிக்கும், பட்டன்களுக்கு நடுவே துணி வாய் திறக்கும். பின் குத்திய சட்டையோடேயே உட்காரச் சொல்லுங்கள், இரண்டு கையாலும் தன்னையே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், மேலே அலமாரியில் எதையோ எடுப்பது மாதிரி கையைத் தூக்கச் சொல்லுங்கள். பேண்ட் என்றால் குனிந்து செருப்பு வாரைப் போட்டுப் பார்க்க வேண்டும். இதிலெல்லாம் தப்பித்த அளவுதான் சரியான அளவு.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. பக்கத் தையலில் அரை இன்ச் உள்ளே தள்ளித் தைத்தால் சட்டை எவ்வளவு குறையும்? அரை இன்ச் என்றும் ஒரு இன்ச் என்றும் பதில் வரும். உண்மையில் 2 இன்ச் குறையும். அங்கே முன்துணி, பின்துணி என்று இரண்டு அடுக்கு, அதனால் ஒரு பக்கத்துக்கு ஒரு இன்ச், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இரண்டு. வீட்டில் முதன்முதலாகப் பிடிக்கிறவர்கள் இந்த நான்கு மடங்கை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எவ்வளவு குறைக்க வேண்டுமோ அதை நான்கால் வகுத்து, அவ்வளவுதான் தையல் உள்ளே தள்ள வேண்டும்.

தைக்கும் முன் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட வேண்டும், புதுத் துணி என்றால் கட்டாயம். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கக்கூடியது, நீங்கள் பிடித்தபின் அது தன் பங்குக்கும் பிடித்தால் சட்டை போட முடியாமல் போகும்.

தையலைப் பிரிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை, அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். மெஷின் தையலில் மேல் நூல் ஒன்று, அடியில் சின்ன உருளையிலிருந்து வரும் பாபின் நூல் ஒன்று, இரண்டும் துணிக்கு நடுவில் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. 1846-ல் எலியஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய மெஷின் போட்டதும் இந்தப் பூட்டுத் தையல்தான், இன்று வீட்டு மெஷின் போடுவதும் அதேதான். இந்த அமைப்பு தெரிந்தால் பிரிப்பது எளிது. ஒரு பக்கத்து நூலை மட்டும் நான்கு தையலுக்கு ஒன்றாகச் சீம் ரிப்பரால் (தையல் பிரிக்கும் சின்னக் கருவி) வெட்டிக்கொண்டே போங்கள். அப்புறம் துணியைத் திருப்பி மறுபக்க நூலின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் முழு நூலும் உருவிக்கொண்டு வந்துவிடும், வெட்டிய துண்டுகள் மேலே உதிர்ந்து கிடக்கும், செலோ டேப்பை ஒட்டி எடுத்தால் வந்துவிடும். இரண்டு துணியையும் பிடித்துப் படபடவென்று கிழிப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். ஊசி ஓட்டைகள் பெரிதாகி இழை அறுந்துபோகும், மெல்லிய துணியில் அந்த வரி அப்படியே நிற்கும். பிரித்தபின் பழைய வரியின் மேல் லேசாக நீர் தெளித்து இஸ்திரி போட்டால் பருத்தியில் ஓட்டைகள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

இனி பக்கம் பிடிப்பது. சட்டையில் கையின் அடித்தையலும் உடலின் பக்கத் தையலும் ஒரே ஓட்டம், மணிக்கட்டில் ஆரம்பித்து அக்குளில் திரும்பிக் கீழ்விளிம்பில் முடியும். அதை ஒரே ஓட்டமாகவே பிடிக்க வேண்டும். உடலை மட்டும் பிடித்துக் கையை அப்படியே விட்டால் அக்குளில் ஒரு பை தொங்கும். முதலில் கீழ்மடிப்பை இரண்டு பக்கமும் இரண்டு இன்ச் அளவுக்குப் பிரித்துத் தட்டையாக்கிக்கொள்வேன். கஃபுக்குச் சற்று மேலே பழைய தையலின் மீதே ஊசியை இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விலகி, முழங்கைக்கு மேலே முழு அளவுக்கு வந்து, அக்குளில் கோணமாகத் திரும்பாமல் வளைந்து, இடுப்பில் ஆழமாகி, கீழே இடுப்பெலும்பை நெருங்கும்போது மறுபடி பழைய தையலை நோக்கி விலகி வர வேண்டும். முதல் தடவை தையல் நீளத்தை 5 மில்லிமீட்டர் வைத்துத் தளர்வாக ஓட்டிப் போட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் அதே கோட்டின் மேல் 2.5 மில்லிமீட்டரில் நிரந்தரத் தையல், இல்லையென்றால் ஒரு இழுப்பில் பிரித்துவிடலாம். அக்குள் வளைவில் உள்ளே நிற்கும் துணியைத் தையலைத் தொடாமல் அங்கங்கே சின்னதாக வெட்டிவிட்டால்தான் அது விரியும், இல்லையென்றால் அக்குளில் உருண்டு அறுத்துக்கொண்டே இருக்கும்.

அக்குள் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அக்குள் வளைவு பெரிதாக, கீழே இறங்கி இருந்தால் கையை வசதியாக அசைக்கலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். நேர்மாறு. வளைவு கீழே இருக்கும் சட்டையில் கையைத் தூக்கினால் உடல் பகுதி முழுவதும் சேர்ந்து மேலே ஏறும், பேண்டுக்குள் செருகிய சட்டை வெளியே வந்துவிடும். வளைவு அக்குளுக்குப் பக்கத்தில் இருந்தால் கை மட்டும்தான் அசையும். ஆகவே அக்குளில் தாராளமாகப் பிடித்தால் கையசைவுக்கு இடைஞ்சல் என்று பயந்து அங்கே அப்படியே விட்டுவிடாதீர்கள்.

பக்கம் பிடித்தும் முதுகில், குறிப்பாக இடுப்புப் பள்ளத்தில், துணி பறந்துகொண்டிருந்தால் அது பக்கத்து மிச்சம் இல்லை, முதுகின் மிச்சம். அங்கே இரண்டு டார்ட், அதாவது நுனி கூராக முடியும் உள்மடிப்புத் தையல், போட வேண்டும். முதுகின் நடுக்கோட்டுக்கும் பக்கத் தையலுக்கும் பாதி வழியில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஆரம்பித்து, இடுப்பில் ஆழமாகி, கீழே போய் ஒன்றுமில்லாமல் முடிகிற மாதிரி. மடித்த துணியில் அரை இன்ச் ஆழம் வைத்தால் ஒரு டார்ட் ஒரு இன்ச்சை எடுக்கும், இரண்டும் சேர்ந்து 2 இன்ச். நுனிகளில் முன்னும் பின்னும் ஓட்டி அடைக்க வேண்டாம், முடிச்சு போட்டு நூலைக் கொஞ்சம் விட்டு வெட்டினால் நுனி கூராக அடங்கும், இல்லையென்றால் அங்கே ஒரு குமிழ் நிற்கும். மடிப்பை நடுமுதுகு பக்கமாகச் சாய்த்து, உருட்டிய துண்டின் மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். டார்ட்டின் நல்ல குணம், எதையும் வெட்ட வேண்டியதில்லை. வேண்டாம் என்று பட்டால் பிரித்துவிடலாம்.

பேண்ட் கதை வேறு. இடுப்பு மட்டும் பெரிதென்றால் பின்பக்க நடுத் தையல்தான் இடம். ஆண்களின் ஃபார்மல் பேண்டில் இடுப்புப் பட்டியையே பின்னால் இரண்டு துண்டாக வைத்து, உள்ளே துணியும் விட்டுத்தான் தைத்திருப்பார்கள், பின்னாளில் பிடிக்கவும் விடவும் வேண்டும் என்றே செய்த ஏற்பாடு அது. நடுவில் இருக்கும் பெல்ட் வளையத்தைப் பிரித்து, பட்டியைத் திறந்து, மேலே வேண்டிய அளவு எடுத்து, பின்புற வளைவில் பழைய தையலோடு இழைந்து கலக்க வேண்டும். உட்காரும்போது முழு இழுப்பும் தாங்குகிற தையல் இது, இரண்டு வரி ஓட்டுங்கள். மொத்தத்தில் 2 இன்ச்சுக்கு மேல் இங்கே எடுத்தால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்துவிடும். அதற்கு மேல் வேண்டும் என்றால் பக்கத் தையல்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும், பக்கப் பாக்கெட் இருந்தால் அது பெரிய வேலை.

ஜீன்ஸ் இடுப்புப் பட்டி அநேகமாக ஒரே நீளத் துண்டு. பின்னால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சில இன்ச் பிரித்து, பட்டியை வெட்டி இணைத்து, கீழே மடித்துத் தைத்த கனமான நடுத் தையலையும் பிரித்துப் பிடிக்க வேண்டும். 100/16 எண் போட்ட தடித்த ஊசி இல்லாமல் தொடாதீர்கள். கனமான மடிப்புகளைத் துணி போர்த்திச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, அந்த இடத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை இறக்குங்கள். பாக்கெட் ஓரத்து செப்பு ரிவெட்டுகள், 1873-ல் ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் காப்புரிமை வாங்கிய அதே யோசனை, துணி கிழியாமல் இருக்க வைத்தவை. ஊசி அதில் பட்டால் உடைந்து தெறிக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கால் அகலத்தைக் குறைக்கும்போது உள்தையல், வெளித்தையல் இரண்டிலும் சம அளவு எடுங்கள். ஒரே பக்கம் எடுத்தால் நெட்டாக ஓடும் பாவு இழை காலின் நடுவிலிருந்து விலகும், நடக்க நடக்கக் கால் திருகிக்கொள்ளும். கணுக்காலில் எவ்வளவு குறைக்கலாம் என்பதைக் குதிகாலையும் பாதத்தின் மேல்பகுதியையும் சேர்த்துச் சுற்றி அளந்து முடிவு செய்யுங்கள், கால் உள்ளே நுழைந்தாக வேண்டும் அல்லவா. நீளத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில், வழக்கமாகப் போடும் செருப்போடு அல்லது ஷூவோடு நின்று பாருங்கள். இடுப்பைப் பிடித்தால் பேண்ட் மேலே ஏறி நிற்கும், முன்பே நீளத்தை வெட்டியிருந்தால் அப்போது குட்டையாகிவிடும்.

டி-ஷர்ட் மாதிரி பின்னல் துணிகளுக்கு நுனி உருண்ட ஊசி, குறுகலான ஜிக்ஜாக் தையல், அவ்வளவுதான். நேர்த்தையல் போட்டால் தலை வழியாகக் கழற்றும்போது நூல் அறும். துணியை மெஷின் தானாக நகர்த்தட்டும், கையால் இழுத்தால் விளிம்பு அலையலையாகிவிடும்.

வெந்நீரில் போட்டுச் சுருக்குவதைப் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சான்ஃபோர்ட் குளூயட் என்பவர் 1930-ல் காப்புரிமை வாங்கிய முறைப்படி, வெட்டித் தைக்கும் முன்பே பருத்தித் துணியை ஈரமும் சூடும் கொடுத்து இயந்திரத்தில் சுருக்கிவிடும் வழக்கம் பரவிவிட்டது. அப்படிப்பட்ட துணி வெந்நீரில் மேற்கொண்டு கொஞ்சம்தான் சுருங்கும். பாலியெஸ்டர் அசையாது. கம்பளி சுருங்கும், ஆனால் அடர்ந்து தடித்துப் போகும், திரும்பி வராது. அப்படியே சுருங்கினாலும் அது உங்கள் மிச்சம் இருக்கும் இடமாகப் பார்த்துச் சுருங்காது, நீளத்தில் கூடுதலாகவும் அகலத்தில் குறைவாகவும் போய், சட்டை குட்டையாகி வயிற்றுப் பக்கம் அப்படியே நிற்கும்.

என் சித்தப்பா நீண்ட நாள் நோயில் படுத்து எழுந்தபோது பாதியாக இளைத்திருந்தார். எந்தச் சட்டையைப் போட்டாலும் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் போகும். பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்த்தார்கள், பார்த்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார்கள், அது அவருக்கும் தெரிந்தது. சட்டைகளை என்னிடம் கொடுத்து, "பிடிச்சுக் குடு, ஆனா துணியை வெட்டிடாதே, நான் தேறிடுவேன்" என்றார். வெட்டவில்லை. பக்கங்களை நீளத் தையலிலேயே பிடித்தேன், உள்ளே நின்ற துணியை மடித்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டு உடம்பில் உறுத்தாமல் படுக்க வைத்தேன். காலரைப் பிரிக்காமல், மேல் பட்டனை மட்டும் கால் இன்ச் தள்ளித் தைத்தேன், அதற்கு மேல் தள்ளினால் காலர் நுனிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கழுத்து முழுதாகச் சரியாகவில்லை, ஆனால் இரண்டு விரல் இடைவெளி இல்லை. அவற்றைப் போட்டுக்கொண்டு வெளியே போய்வர ஆரம்பித்தார். எடை கூடக் கூட ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுப்பார், நூலை உருவிக் கொடுப்பேன்.

எனவே எடை மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் யார் உடையைப் பிடித்தாலும், பிள்ளை பெற்றவர்களுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும்கூட, உள்துணியை வெட்டாமல் வைப்பதையே நான் முதலில் சொல்வேன். பட்டு, சாட்டின் மாதிரி மென்மையான துணியில் உள்ளே நிற்பது வெளியே தடமாகத் தெரியும், அங்கே மட்டும் வெட்டி, விளிம்பு பிரியாமல் இருக்க ஓவர்லாக் அடிக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் தொடக் கூடாதவையும் உண்டு. தோளில் பஞ்சுப் பட்டை வைத்து உள்ளே லைனிங் கொடுத்த கோட்டில் தோளைக் குறைப்பது கைதேர்ந்தவர்கள் வேலை, அவர்களே பல சமயம் வேண்டாம் என்பார்கள். கோட்டின் முதுகு நடுத் தையலையும் பக்கத்தையும் பிடிப்பது முடியக்கூடியது. கைநீளம் குறைக்கும்போது மணிக்கட்டில் நிஜக் காஜா வெட்டியிருந்தால் கீழேயிருந்து குறைக்க முடியாது, தோள் பக்கமிருந்துதான் எடுக்க வேண்டும், கொடுக்கும் முன் அதைப் பாருங்கள். தோல் உடைகளில் ஒருமுறை ஊசி இறங்கிய ஓட்டை மூடாது.

டெய்லரிடம் கொடுப்பதென்றால் மேலே சொன்ன எதையும் நீங்கள் தைக்க வேண்டியதில்லை, ஆனால் தெரிந்துகொண்டு போங்கள். வெறும் அளவைச் சொல்லாமல், உடையைப் போட்டுக் காட்டி, அவரையே பின் குத்தச் சொல்லுங்கள். பின் குத்தியபடி உட்கார்ந்து, கையைத் தூக்கிப் பாருங்கள், அவசரப்படுத்தினாலும் பாருங்கள். உள்துணியை வெட்டட்டுமா விடட்டுமா என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வாங்கும்போது அங்கேயே போட்டுப் பார்த்து, முதலில் அக்குளைக் கவனியுங்கள், பக்கத்தை மட்டும் பிடித்துக் கையை விட்டிருந்தால் பை தொங்கும் இடம் அதுதான், அப்படி இருந்தால் கழற்றிக் கொடுத்து மறுபடி பிடிக்கச் சொல்வதில் தயக்கமே வேண்டாம்.